ஸ்குவிட் ப்ராக்ஸி அடிக்கடி விழுகிறது: ரேம் கோளாறா, யாராவது தள்ளிவிடுகிறார்களா?

சிப்காட் கணினிக்காரன் (ஓசூர்)
செவ்வாய், காலை 9:50

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தர ஆலை ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகம், ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச் என எல்லா இடத்து இணையமும் ஒரே ஒரு ஸ்குவிட் ப்ராக்ஸி (கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் மென்பொருள்) வழியாகத்தான் வெளியே போகிறது. சர்வரில் இருப்பது உபுண்டு 22.04. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வெளி ஒப்பந்தக்காரர் ஒருவர் நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனது.

கொஞ்ச நாளாக ஸ்குவிட் தானாக விழுகிறது. பெரும்பாலும் சில நொடிகளில் தானே எழுந்துவிடும், யாருக்கும் தெரியாது. நேற்று மாலை அப்படி எழவில்லை. நான் போய்க் கையால் தொடங்கும்வரை மொத்த ஆலைக்கும் இணையம் கிடையாது. லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது, இ-வே பில் எடுக்க முடியவில்லை. அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பில் இல்லாமல் வண்டியை நகர்த்த முடியாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வாங்கும் ஆலையோ மணிக்கணக்குப் பார்த்து உதிரிபாகம் எடுப்பவர்கள்.

ஸ்குவிட் தன் நிலையை எழுதிவைக்கும் கேச் லாக்கில் கிடைப்பது ஒரே வரிதான்: சிக்னல் 11-ஆல் ப்ராசஸ் முடிந்தது என்று. ரேம் 16 ஜிபி, பாதிக்கு மேல் காலியாகவே இருக்கிறது. யுபிஎஸ் சரியாக இருக்கிறது. உபுண்டுவின் மென்பொருள் தொகுப்புகளைப் புதுப்பிக்கும் ஏபிடி அப்டேட் மாதாமாதம் தவறாமல் போடுகிறேன். விழுந்த நேரத்து ஆக்சஸ் லாக்கை (வந்த கோரிக்கைகளின் பதிவு) வரி வரியாகப் பார்த்தேன், சந்தேகப்படும்படி ஒன்றுமே இல்லை. ரேமை மாற்றிப் பார் என்கிறார்கள். மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.


தொப்பூரான் (தருமபுரி)
செவ்வாய், காலை 10:20

ஃபைல் டிஸ்கிரிப்டர் வரம்பை (ஒரே நேரத்தில் எத்தனை கோப்பும் இணைப்பும் திறந்திருக்கலாம் என்பதை) பாருங்கள் சார். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹால் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால் ஸ்குவிட் திணறும். வரம்பு 1024-லேயே இருந்தது. கூட்டியதும் சரியாகிவிட்டது. டிஸ்கிரிப்டர் தீர்ந்துபோகிறது என்று கேச் லாக்கிலேயே எச்சரிக்கை வரும்.


மலைக்கோட்டை (கிருஷ்ணகிரி)
செவ்வாய், காலை 11:05

தொப்பூரான் சொல்வது உண்மையான பிரச்சினைதான், ஆனால் அதன் அறிகுறி வேறு. டிஸ்கிரிப்டர் தீர்ந்தால் ஸ்குவிட் மெதுவாகும், புது இணைப்புகளை வாங்காமல் நிற்கும். விழாது. சிக்னல் 11 என்றால் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தை நிரல் தொட்டிருக்கிறது, அதனால் கெர்னல் அதைக் கொன்றிருக்கிறது. ரேம் கெட்டாலும் இது வரலாம். ஆனால் ரேம் கெட்ட சர்வரில் ஸ்குவிட் மட்டும் விழாது, மற்றவையும் கண்டபடி விழும். அப்படி ஏதாவது நடக்கிறதா தம்பி?

ஆக்சஸ் லாக்கில் ஒன்றுமில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஒரு கோரிக்கை முடிந்த பிறகுதான் ஸ்குவிட் அதை ஆக்சஸ் லாக்கில் எழுதும். பாதியிலேயே தன்னைக் கொன்றுபோட்ட கோரிக்கையை எழுத அது உயிரோடு இருக்காது. விழுந்த நொடிக்கு முந்தைய வரிகளில் நீங்கள் பார்ப்பதெல்லாம் ஒழுங்காக முடிந்துபோன வேலைகள். குற்றவாளி அந்தப் பட்டியலில் வரவே மாட்டான்.

சில நேரம் எழுந்து, நேற்று எழாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. ஸ்குவிட்டைத் தொடங்கினால் ஒரு தாய் ப்ராசஸும் அதன் கீழே வேலை செய்யும் பிள்ளை ப்ராசஸும் ஓடும். பிள்ளை விழுந்தால் தாய் உடனே புதியதைத் தொடங்கும். ஆனால் தொடங்கியவுடனே திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தால், இனி எழுப்பிப் பயனில்லை என்று தாய் கைவிட்டுவிடும். சர்வரின் பொதுப் பதிவான சிஸ்லாக்கில் 'அடிக்கடி விழுவதால் இனித் தொடங்கவில்லை' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், நேற்றைய மாலை நேரத்தில் தேடுங்கள். இருந்தால், நேற்று யாரோ அல்லது ஏதோ ஒன்று அடுத்தடுத்து அடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது எனக்கு வேண்டியது, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்குவிட்டின் சரியான பதிப்பு. ஏபிடி சொல்வதைக் கேட்காதீர்கள். ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் அந்த ப்ராசஸ் எந்தப் பாதையிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள், அதே கோப்பைச் சுட்டி பதிப்பைக் கேளுங்கள்.


சிப்காட் கணினிக்காரன் (ஓசூர்)
செவ்வாய், பகல் 12:40

அண்ணா, நீங்கள் சொன்ன சிஸ்லாக் வரி அப்படியே இருக்கிறது. நேற்று மாலை 5:52. மற்ற சேவைகள் எதுவும் விழவில்லை.

பதிப்புதான் அதிர்ச்சி. ஏபிடி-யில் ஸ்குவிட் நிறுவியிருக்கிறது, அப்டேட்டும் ஆகியிருக்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருப்பது அது இல்லை. யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவுக்குள் தனியாக ஒரு ஸ்குவிட், மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யப்பட்டது. பதிப்பு 5.7. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தைச் சேர்த்துக் கம்பைல் செய்திருக்கிறார்கள். மாதாமாதம் நான் போட்ட அப்டேட் எதுவும் இதைத் தொட்டதே இல்லை. நிறுவியவர்கள் கொடுத்த ஒப்படைப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.


மலைக்கோட்டை (கிருஷ்ணகிரி)
செவ்வாய், பகல் 2:15

நினைத்தேன். இந்த மாவட்டங்களில் நான் பார்த்த நிறைய இடங்களில் இதே கதைதான். உபுண்டுவின் வழக்கமான ஸ்குவிட் தொகுப்பு ஜிஎன்யூடிஎல்எஸ் என்ற வேறொரு குறியாக்க நூலகம் கொண்டு கட்டப்பட்டது. அதில் எஸ்எஸ்எல்-பம்ப் (எச்டிடிபிஎஸ் இணைப்பை நடுவில் பிரித்துப் பார்ப்பது) செய்ய முடியாது என்பதால் ஒப்பந்தக்காரர்கள் தாங்களே கம்பைல் செய்துவிடுவார்கள். 22.04-இல் ஸ்குவிட்-ஓபன்எஸ்எஸ்எல் என்றே தனித் தொகுப்பு இருக்கிறது, அதைப் போட்டிருந்தால் அப்டேட் தானாக வந்திருக்கும். கையால் கம்பைல் செய்த மென்பொருளுக்கு அப்டேட் என்பது ஒரு மனிதர்தான். அவர் பில் வாங்கிக்கொண்டு போய்விட்டால் அன்றைய தேதியோடு அது உறைந்து நின்றுவிடும்.

5.7 என்றால் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஜோஷுவா ராஜர்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2021-இல் ஸ்குவிட்டின் மூலநிரலை விரிவாகச் சோதித்து 55 குறைகளைக் கண்டுபிடித்தார். ஸ்குவிட் குழுவிடம் சொல்லிவிட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். 2023 அக்டோபரில் அவர் எல்லாவற்றையும் வெளியிட்டபோது 35 குறைகள் திருத்தப்படாமலே இருந்தன. ஸ்குவிட் குழுவினர் உதவியாகத்தான் இருந்தார்கள், ஆனால் இத்தனையையும் திருத்த அவர்களிடம் ஆள் இல்லை என்று அவரே எழுதினார். உலகம் முழுக்க இத்தனை நிறுவனங்களின் வாசலில் நிற்கும் மென்பொருளைத் தாங்குவது விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். அதை நினைத்தால் எனக்கு அவர்கள்மேல் கோபம் வருவதில்லை. அதை இலவசமாக எடுத்துப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு, அதன் அறிவிப்புப் பட்டியலில்கூடச் சேராமல் இருப்பவர்கள்மேல்தான் வருகிறது.

அந்த வெளியீட்டுக்குப் பிறகு திருத்தங்கள் வரிசையாக வந்தன. டைஜெஸ்ட் முறையில் பயனர்பெயர், கடவுச்சொல் கேட்கும் ஸ்குவிட்டில் ஹீப் நினைவகத்தில் 2 எம்பி வரை தாக்குபவர் விரும்பியதை எழுத முடிகிற குறை ஒன்று, சிவிஇ-2023-46847 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குக் கொடுக்கும் பொது அடையாள எண்). அது 6.4-இல் சரியானது. சான்றிதழ் சோதனையில் ஒன்று, சிவிஇ-2023-46724, அதுவும் 6.4-இல். ஓபன்எஸ்எஸ்எல் சேர்த்துக் கட்டிய ஸ்குவிட்டுக்கு மட்டும்தான் இது பொருந்தும், அதாவது உங்களுடையதற்கு. இதில் தாக்குதல் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: உங்கள் ஊழியர் ஒருவர் ஒரு தளத்தைத் திறக்கிறார், அந்தத் தளம் வேண்டுமென்றே திரித்த சான்றிதழை நீட்டுகிறது, ஸ்குவிட் அதைப் படிக்கும்போது விழுகிறது. எஸ்எஸ்எல்-பம்ப் செய்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. வெளியிலிருந்து வரும் இணைப்பை ஃபயர்வாலில் எவ்வளவு அடைத்தாலும் இது நிற்காது.

அப்புறம் கோஃபர். 90-களின் தொடக்கத்து நெறிமுறை, இங்கே யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அந்தப் பகுதியிலும் ஸ்குவிட்டை வீழ்த்தும் குறை இருந்தது. 6.0.1-இல் கோஃபரையே தூக்கி எறிந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்பு எல்லாவற்றிலும் அது எப்போதும் திறந்தே இருக்கும், அணைக்க வழி கிடையாது. கோஃபர் முகவரிகளை விதி எழுதி மறுக்கலாம், அவ்வளவுதான்.

உங்கள் அறிகுறிக்குப் பக்கத்தில் வருபவை இரண்டு என்று நினைக்கிறேன். ஒன்று சிவிஇ-2023-50269, கோரிக்கை எந்த முகவரிகள் வழியாக வந்தது என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரைப் படிப்பதில், 6.6-இல் திருத்தம். மற்றது சிவிஇ-2024-25111, துண்டு துண்டாக வரும் உள்ளடக்கத்தைச் சேர்ப்பதில், 6.8-இல் திருத்தம். இரண்டிலும் ஒரே வியாதி: ஒரு செயல்கூறு தன்னையே அழைத்துக்கொண்டு, எங்கே நிறுத்துவது என்ற வரம்பே இல்லாமல் ஓடி, ஸ்டாக் என்ற நினைவக இடம் தீர்ந்து சிக்னல் 11-இல் விழும். முதலாவது, அந்த ஹெட்டரை நம்பச் சொல்லும் ஃபாலோ-எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற அமைப்பைப் போட்டிருந்தால் மட்டும். இரண்டாவதுக்கு அப்படி எந்த அமைப்பும் தேவையில்லை. அப்டேட் தவிர வேறு மாற்று வழியும் கிடையாது.

கோர் டம்ப் (விழுந்த கணத்து நினைவகத்தின் நகல்) எடுக்கும்படி அமைத்துவிட்டு, அடுத்து விழும்போது ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்து ஸ்டாக்கைப் பாருங்கள். கூடவே ஸ்குவிட்டின் 3128 போர்ட்டில், வந்துபோகும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப்பைச் சுழற்சி முறையில் ஓடவிடுங்கள், டிஸ்க் நிறையாதபடி.


தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்)
செவ்வாய், மாலை 4:30

நான் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் கணினி, கணக்கு மென்பொருள் இரண்டையும் கவனிக்கிறேன். மலைக்கோட்டை சார் சொன்னதில் எனக்கு ரொம்ப நாளாக மனதில் உறுத்தும் ஒரு விஷயம் இருக்கிறது.

இந்த ஓட்டைகளைப் பற்றி எப்போது மேலே எடுத்துச் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "டேட்டா திருட்டுப் போகுமா?" என்பது. போகாது, சேவை மட்டும் நிற்கும் என்றால், "அப்ப பரவாயில்ல, சீசன் முடியட்டும் பார்க்கலாம்" என்று பதில் வரும். பாதுகாப்பு நிறுவனங்கள் தரும் அறிக்கைகளிலும் சேவை மறுப்பு என்றால் ஒரு படி கீழேதான் வைக்கிறார்கள்.

சீசனில்தான் அது கொல்லும். தோத்தாபுரி வரத்து உச்சத்தில் இருக்கும்போது ஆலை வாசலில் டிராக்டரும் மினி லாரியும் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு எடைச்சீட்டும் விவசாயியின் கணக்கில் ஏற வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னருக்கு இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள எல்லோருக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம், அரசுத் தளத்திலிருந்து எண் வராமல் பில்லே செல்லாது. அந்த நேரத்தில் ப்ராக்ஸி விழுந்தால் பழம் வெயிலில் நிற்கிறது. நஷ்டம் எங்களுக்கு மட்டும் இல்லை, இரவெல்லாம் பறித்து ஏற்றிக்கொண்டு வந்தவருக்கும்தான்.

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அந்த லாரியில் இருந்த சரக்கு மட்டுமா நிற்கிறது? அதேபோலத்தான் இதுவும். வெளியே போக ஒரே வழி வைத்திருக்கும் எங்களைப் போன்ற இடங்களில் சேவை மறுப்பைச் சின்னக் குறையாகப் பார்க்கவே கூடாது.


அரூர் மாணவன் (அரூர்)
செவ்வாய், இரவு 8:10

வணக்கம் அண்ணா. நான் பொறியியல் கல்லூரி மாணவன். இந்த எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஓட்டையைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருக்கிறதா? எங்கள் கல்லூரி ப்ராக்ஸி பழையது மாதிரி தெரிகிறது. விழுகிறதா என்று பார்த்துவிட்டு நிர்வாகத்திடம் சொல்லலாம் என்று இருக்கிறேன்.


மலைக்கோட்டை (கிருஷ்ணகிரி)
செவ்வாய், இரவு 8:45

தம்பி, உங்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் ஓடுகிற கல்லூரி ப்ராக்ஸியின்மீது அதை ஏவினால் சோதனையும் தாக்குதலும் ஒன்றுதான். அனுமதி இல்லாமல் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளில் மாட்டுவீர்கள். சேவை மறுப்பு ஏற்படுத்துவது 43-இல் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஸ்கிரிப்ட் இங்கே யாரும் தரமாட்டோம்.

நிஜமாகவே கற்றுக்கொள்ள ஆசை என்றால் சொல்கிறேன், செய்து பாருங்கள். உங்கள் மடிக்கணினியில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் 6.5-ஐயும் இன்னொன்றில் 6.6-ஐயும் கட்டுங்கள். இந்தக் குறைக்கான திருத்தத்தை எடுத்து இரண்டின் மூலநிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். திருத்தம் சில வரிகள்தான். அந்த ஹெட்டரில் வரும் முகவரிகளில் 64 வரைதான் பின்தொடர்வது, அதற்கு மேல் கண்டுகொள்வதில்லை என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த ஓர் எண் இத்தனை ஆண்டுகள் இல்லாமல் இருந்தது. 2.6 வரிசையிலிருந்தே இந்தக் குறை இருக்கிறது. ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே படித்தால் பாடப்புத்தகத்தில் கிடைக்காதது கிடைக்கும்.

கல்லூரிக்கு, பதிப்பு எண்ணை மட்டும் எழுதிக் கொடுங்கள். பிழைப் பக்கத்தின் அடியிலேயே பெரும்பாலும் தெரியும். அதுவே போதுமான ஆதாரம்.


அரூர் மாணவன் (அரூர்)
செவ்வாய், இரவு 9:00

புரிந்தது அண்ணா. மெய்நிகர் இயந்திரத்திலேயே செய்து பார்க்கிறேன். பதிப்பு எண்ணை எழுதி துறைத்தலைவரிடம் கொடுத்துவிடுகிறேன்.


பாரூர் ஏரி (போச்சம்பள்ளி)
புதன், காலை 7:30

எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. இந்தக் காலத்தில் ப்ராக்ஸி எதற்கு? 1996-இல் ஸ்குவிட் வந்தபோது இணையம் மெதுவானது, விலை அதிகம். ஒரு முறை இறக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பது லாபம். இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ். ஸ்குவிட் உள்ளே பார்க்காமல் ஒரு குழாய் போட்டுக் கொடுக்கிறது, சேமிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஃபைபரும் வந்துவிட்டது. வேண்டாத தளங்களைத் தடுக்க டிஎன்எஸ் வடிகட்டி போதும். வாசலில் சிக்கலான ஒரு நிரலை நிறுத்தி, அதில் இத்தனை லட்சம் வரி பழைய சி++ நிரலை வைத்துக்கொண்டு, அதற்குக் காவல் காப்பதைவிட அதை எடுத்துவிடுவது நல்லது.


தொப்பூரான் (தருமபுரி)
புதன், காலை 8:40

கல்லூரியில் எடுக்க முடியாது சார். எந்த மாணவர் எந்த நேரத்தில் எங்கே போனார் என்று நாளைக்குக் காவல்துறை கேட்டால் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். டிஎன்எஸ் வடிகட்டி கணினியைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆய்வகத்தில் ஒரே கணினியில் பலர் மாறி மாறி உட்காருகிறார்கள். ப்ராக்ஸியில் பயனர்பெயரோடு லாக் கிடைக்கிறது.


மலைக்கோட்டை (கிருஷ்ணகிரி)
புதன், காலை 9:20

பாரூர் ஏரி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சேமிப்புக்காக ஸ்குவிட் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிடலாம். குறைந்தபட்சம் டிஸ்க் கேஷையாவது எடுத்துவிடுங்கள். விழுந்து எழும்போது டிஸ்க் கேஷின் அட்டவணையை மறுபடி கட்ட வேண்டும், ஒழுங்காக மூடாத கேஷ் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது வெகுநேரம் பிடிக்கும். அதுவரை ஸ்குவிட் மந்தமாகவே ஓடும்.

ஆனால் லாக் வேண்டும் என்பவருக்கு ப்ராக்ஸி வேண்டும்தான். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட ஆணைப்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சேவை மறுப்புத் தாக்குதலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சிப்காட் தம்பி, உங்களுடையது தாக்குதல்தான் என்று உறுதியானால் இதையும் நிர்வாகத்திடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.


சிப்காட் கணினிக்காரன் (ஓசூர்)
புதன், மாலை 6:50

பகலில் மறுபடி விழுந்தது. இந்த முறை கோர் டம்ப் கிடைத்துவிட்டது, டிசிபிடம்ப்பும் கிடைத்துவிட்டது.

ஜிடிபி-யில் திறந்தால் ஒரே செயல்கூறுகளின் பெயர் மாறி மாறி, திரையை உருட்டிக்கொண்டே போகிறேன், முடியவில்லை. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் சோதிக்கும் செயல்கூறு அது, பெயரிலேயே தெரிகிறது. டிசிபிடம்ப்பில் அதே நொடியில் ஒரு கோரிக்கை. அதில் அந்த ஹெட்டர் மட்டும் பக்கம் பக்கமாக நீள்கிறது. ஆயிரக்கணக்கான ஐபி முகவரிகள், காற்புள்ளி போட்டுப் போட்டு.

அந்தக் கோரிக்கை உள்ளேயிருந்து வரவில்லை, வெளிநாட்டு முகவரி ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. ரூட்டரில் போய்ப் பார்த்தால் 3128 போர்ட்டை நேராக ஸ்குவிட்டுக்குத் திருப்பி விட்டிருக்கிறார்கள். பர்கூரில் எங்கள் கிடங்கு ஒன்று இருக்கிறது, அவர்களும் இதே ப்ராக்ஸியைப் பயன்படுத்தட்டும் என்று அப்போது செய்திருக்கிறார்கள். கிடங்கில் ஒரு சின்ன ப்ராக்ஸி, அங்குள்ள கணினிகளின் உள்முகவரி லாக்கில் தெரிவதற்காக இங்கே ஃபாலோ-எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், 'எல்லோருக்கும் அனுமதி'.

ஒரு சந்தேகம் அண்ணா. எச்டிடிபி-ஆக்சஸ் விதிகள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. எங்கள் உள் நெட்வொர்க், கிடங்கின் முகவரி, இவற்றுக்கு மட்டும் அனுமதி, கடைசி வரியில் மற்ற எல்லோருக்கும் மறுப்பு. அந்த வெளிநாட்டு முகவரிக்கு அனுமதியே கிடையாது. பிறகு எப்படி?


மலைக்கோட்டை (கிருஷ்ணகிரி)
புதன், இரவு 8:05

இந்த இழையை வேறு யாராவது பின்னால் படித்தால் இந்த இடத்தைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

எச்டிடிபி-ஆக்சஸ் விதி கேட்பது 'இவர் யார், விடலாமா' என்று. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபாரை நம்பச் சொல்லியிருந்தால், இவர் யார் என்பதே அந்த ஹெட்டரைப் படித்தால்தான் ஸ்குவிட்டுக்குத் தெரியும். அதனால் அனுமதி விதிக்கு வருவதற்கு முன்பே ஹெட்டரைப் படிக்கும் வேலை நடந்துவிடும். கடைசி முகவரியிலிருந்து தொடங்கி, இவரை நம்பலாமா, சரி, அவருக்கு முந்தையவரை நம்பலாமா என்று பின்னோக்கிப் போகும். 'எல்லோருக்கும் அனுமதி' என்று எழுதியிருப்பதால் எந்த இடத்திலும் 'நம்ப முடியாது' என்ற பதில் வராது. ஒவ்வொரு முகவரிக்கும் செயல்கூறு தன்னையே ஒரு முறை அழைக்கும். ஹெட்டருக்கு ஸ்குவிட் இயல்பாக அனுமதிக்கும் அளவு 64 கேபி. அதற்குள் எத்தனை ஆயிரம் முகவரி அடங்கும் என்று நீங்களே கண்ணால் பார்த்துவிட்டீர்கள். உங்கள் மறுப்பு வரி சரியாகத்தான் எழுதியிருக்கிறது. அந்த வரிக்கு வருவதற்குள் ஸ்குவிட் செத்துவிடுகிறது.

கிடங்கின் முகவரியை மட்டும் நம்பு என்று அந்த அமைப்பில் எழுதியிருந்தால், வெளியாள் வந்த முதல் அடியிலேயே 'இல்லை' என்று நின்றிருக்கும்.

அனுப்பியவர் யார், உங்கள் ஆலைமேல் அவருக்கு என்ன பகை என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 3128 ஸ்குவிட்டின் வழக்கமான போர்ட் என்பது உலகத்துக்கே தெரியும். அதைத் தேடி இணையம் முழுவதையும் துழாவிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் ஏராளம். கதவு திறந்திருந்தது, தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

இன்றிரவே செய்ய வேண்டியது: ரூட்டரில் அந்தப் போர்ட் திருப்பலை எடுங்கள், ஃபாலோ-எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் வரிகளை முழுக்க நீக்கிவிட்டு ஸ்குவிட்டை மறுதொடக்கம் செய்யுங்கள். ஸ்குவிட் குழுவே தற்காலிகத் தீர்வாகச் சொன்னது இதுதான். கிடங்குக்கு நாளை வரை மொபைல் ஹாட்ஸ்பாட் கொடுங்கள்.

அப்புறம், ஓய்வாக, இந்த 5.7-ஐ அகற்ற வேண்டும். எஸ்எஸ்எல்-பம்ப் பயன்படுத்துகிறீர்களா?


தொப்பூரான் (தருமபுரி)
புதன், இரவு 8:30

அதுவரை, சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி-யில் 'எப்போதும் மறுதொடக்கம்' போட்டுவிட்டால் என்ன? விழுந்தாலும் உடனே எழுந்துவிடும், லாரி நிற்காது.


தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்)
புதன், இரவு 8:55

வேண்டாம் தம்பி. அவர் ஆலையில் இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்காமல் இருந்ததற்கே தானாக எழுந்ததுதான் காரணம். ஒவ்வொரு முறை விழும்போதும் அப்போது திறந்திருக்கும் இணைப்பு எல்லாம் அறுந்துபோகும். வங்கித் தளத்தில் பணம் அனுப்பும் பாதியில் ஒருவர் இருப்பார், போர்ட்டலில் இன்வாய்ஸ் ஏற்றும் பாதியில் ஒருவர் இருப்பார். அவர்களுக்கு அது 'நெட் சரியில்ல' என்று மட்டும்தான் தெரியும். மறுதொடக்கம் போடுவதென்றால், விழுந்தவுடன் உங்கள் கைபேசிக்குச் செய்தி வரும் ஏற்பாட்டையும் சேர்த்தே போடுங்கள். செய்தி இல்லாத மறுதொடக்கம் எனக்குச் சம்மதமில்லை.


மலைக்கோட்டை (கிருஷ்ணகிரி)
புதன், இரவு 9:10

தென்பெண்ணை அம்மா சொன்னதுக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.


சிப்காட் கணினிக்காரன் (ஓசூர்)
வியாழன், காலை 11:15

நேற்றிரவே போர்ட்டை மூடிவிட்டேன், அந்த வரிகளையும் எடுத்துவிட்டேன். இன்று காலை நிர்வாகத்திடம் டிசிபிடம்ப்பைக் காட்டி விளக்கினேன். செர்ட்-இன்னுக்கு மின்னஞ்சல் போய்விட்டது.

எஸ்எஸ்எல்-பம்ப் அமைப்பு கோப்பில் எங்கேயும் இல்லை. எதற்காக ஓபன்எஸ்எஸ்எல் சேர்த்துக் கம்பைல் செய்தார்கள் என்றே புரியவில்லை. அப்படியென்றால் உபுண்டுவின் வழக்கமான தொகுப்புக்கே மாறிவிடலாம் இல்லையா? ஆனால் 22.04-இல் வருவதும் 5 வரிசைதானே. நீங்கள் சொன்ன திருத்தங்கள் 6.6, 6.8 என்று இருக்கின்றனவே?


மலைக்கோட்டை (கிருஷ்ணகிரி)
வியாழன், பகல் 12:00

மாறலாம். 5 வரிசைக்கு ஸ்குவிட் குழுவின் வெளியீடு 5.9-ஓடு நின்றுவிட்டது. ஆனால் உபுண்டு, டெபியன் போன்றவர்கள் பதிப்பு எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய நிரலுக்குள் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதனால் முதல் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. தொகுப்பின் மாற்றப் பதிவேட்டை ஏபிடி மூலம் திறந்து, சிவிஇ எண்ணைப் போட்டுத் தேடுங்கள். இருந்தால் சேர்த்தாயிற்று. இல்லாவிட்டால் உங்களுக்கு அது இன்னும் திறந்தே இருக்கிறது. எல்லாத் திருத்தமும் பின்னோக்கி வந்துவிடும் என்ற உறுதி கிடையாது. அதனால் என் யோசனை, இப்போதைக்கு இந்தத் தொகுப்புக்கு மாறிவிட்டு, அடுத்த பராமரிப்பு விடுமுறையில் 24.04-க்குப் போங்கள். அது வெளிவந்தபோது ஸ்குவிட் 6.6-ஓடு வந்தது, அதன்மேல் உபுண்டுவின் திருத்தங்களும் வரும்.

சென்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள், உங்களுக்கும் சேர்த்து. அதில் வந்தது 3.5.20. துண்டு உள்ளடக்கக் குறை 3.5.27-இலிருந்துதான் தொடங்குகிறது, நாங்கள் தப்பித்தோம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஆனால் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் குறையும் டைஜெஸ்ட் குறையும் அந்தப் பதிப்பின் மூலநிரலில் இருப்பவைதான். சென்டோஸ் 7-க்கான ஆதரவே 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. இனி வரும் எந்தக் குறைக்கும் அங்கே திருத்தம் வராது.

மாறும்போது பழைய ஸ்குவிட்டின் சிஸ்டம்டி கோப்பை முடக்க மறக்க வேண்டாம். சர்வர் மறுதொடக்கம் ஆகும்போது இரண்டும் 3128-க்குச் சண்டை போட்டு, பழையது முந்திக்கொண்டால் மறுபடி 5.7-தான் ஓடும். யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவையே காப்பு எடுத்துவிட்டு நீக்கிவிடுங்கள்.


பாரூர் ஏரி (போச்சம்பள்ளி)
வியாழன், பகல் 12:30

பர்கூர் கிடங்குக்கு வயர்கார்ட் என்ற விபிஎன் போடுங்கள் சிப்காட் நண்பரே. 5.6-இலிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது, தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே அனுப்பாது, துழாவுகிற இயந்திரத்துக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது. கிடங்கு உங்கள் உள் நெட்வொர்க்கின் ஒரு பகுதி மாதிரி ஆகிவிடும். அங்கே இருக்கும் அந்தச் சின்ன ப்ராக்ஸியும் வேண்டாம், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபாரும் வேண்டாம், கணினிகளின் முகவரி நேராகவே லாக்கில் வரும். ப்ராக்ஸி வேண்டுமா வேண்டாமா என்பதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் இருக்கும்வரை அதை இணையத்தின் பக்கம் முகம் காட்ட விடாதீர்கள்.


சிப்காட் கணினிக்காரன் (ஓசூர்)
ஞாயிறு, மாலை 5:40

ஆலை விடுமுறை என்பதால் இன்று எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். உபுண்டு தொகுப்பு ஓடுகிறது, மாற்றப் பதிவேட்டில் 50269 இருக்கிறது. பர்கூருக்கு வயர்கார்ட் போட்டாயிற்று. டிஸ்க் கேஷை எடுத்துவிட்டேன். விழுந்தால் எனக்கும் மேலாளருக்கும் செய்தி வரும். ஒப்பந்தக்காரர்களுக்கு இனி ஒரு விதி வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: கையால் கம்பைல் செய்த எதையும் விட்டுப் போவதானால், அதை யார், எத்தனை காலம் புதுப்பிப்பார்கள் என்பது ஒப்படைப்புத் தாளில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசித் தவணை கிடையாது. மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஸ்குவிட்டின் பாதுகாப்பு அறிவிப்புகள் மின்னஞ்சலில் வர எங்கே சேர வேண்டும்?


மலைக்கோட்டை (கிருஷ்ணகிரி)
ஞாயிறு, மாலை 6:15

ஸ்குவிட்-அனௌன்ஸ் என்ற அஞ்சல் பட்டியல். அளவாகத்தான் வரும். உபுண்டுவின் பாதுகாப்பு அறிவிப்புப் பட்டியலிலும் சேருங்கள், நீங்கள் இப்போது அவர்கள் தொகுப்பில் இருப்பதால் உங்களுக்கு நேராகப் பொருந்துவது அதுதான். உங்கள் சொந்த முகவரியில் சேராமல், பிரிவுக்கு ஒரு பொது மின்னஞ்சல் வைத்து அதில் சேருங்கள் தம்பி. நாளை நீங்கள் வேறு வேலைக்குப் போனாலும் அடுத்து வருபவருக்கு அது போய்ச் சேரும்.


தென்பெண்ணை (காவேரிப்பட்டணம்)
ஞாயிறு, இரவு 7:30

இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் ஆலை சர்வரிலும் பிஎஸ் போட்டுப் பார்த்தேன். எங்களுடையது தொகுப்பிலிருந்து ஓடுவதுதான், ரூட்டரிலும் திருப்பல் இல்லை. ஆனால் டைஜெஸ்ட் முறை போட்டிருக்கிறார்கள். மாற்றப் பதிவேட்டில் 46847-ஐத் தேடினேன், கிடைக்கவில்லை. டெபியன் 10, ஆதரவு முடிந்துபோனது. சீசன் தொடங்குவதற்கு முன் புது சர்வருக்கு நாளைக்கே குறிப்பு வைக்கிறேன். அதுவரை டைஜெஸ்டை எடுத்துவிட்டு ஐபி முகவரி அடிப்படையில் அனுமதி வைத்தால் எடைமேடைக் கணினிக்கு ஏதாவது சிக்கல் வருமா? அது டிஎச்சிபி-யில் இருக்கிறது.


மலைக்கோட்டை (கிருஷ்ணகிரி)
ஞாயிறு, இரவு 7:50

டிஎச்சிபி-யிலேயே அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு ஓர் ஐபி-யை ஒதுக்கி வையுங்கள், மாறாது. எடைமேடையில் தொடங்குங்கள், அது சரியாக ஓடினால் மற்றவற்றை மாற்றலாம்.